ஒரு படத்துக்கு ஒரு சீட்டு

ஜனவரி 5, ஞாயிறு

மகள் வடிவு ஒரு டைரி வாங்கிவந்து மேசையில் வைத்தாள்.

"தெனமும் ஒரு பக்கம் எழுதுங்கப்பா. கைக்கு நல்லது."

"கைக்கு என்னட்டி கேடு?"

"ஒண்ணுமில்ல. எழுதுங்க."

திருச்செந்தூர் ரோட்டின் பள்ளம் மேடு எல்லாவற்றிலும், ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்து டிரிப் சீட்டு எழுதின கை இது. ஒரு எழுத்து கோணினது கிடையாது. இதற்கு நல்லது செய்ய ஒரு டைரியாம்.

வாங்கினதை வீணாக்க வேண்டாம். பெயர் குற்றாலலிங்கம். ஊர் தூத்துக்குடி. வேலை, ரிட்டயர்டு கண்டக்டர். படிப்பு பத்தாம் வகுப்பு, கணக்கில் போய்விட்டது. இன்று எழுத்து கோணலாக இருப்பதற்கு மேசைதான் காரணம். அதற்கு ஒரு கால் குட்டை.

ஜனவரி 6, திங்கள்

அடுத்த தெரு ஜெனோவா வந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து 'வெளிச்சக்கூடம்' என்று இன்டர்நெட்டில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். அதை நடத்துவது இவள்தான். நானும் அதில் ஒரு மெம்பர். எடுக்கிற படம் ஒன்றும் உருப்படி இல்லை, போன் மட்டமான போன். ஆனால் அடுத்தவர் படத்துக்குக் கீழே போய் வம்பு இழுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

"ஐயா, எல்லாப் படமும் ஒரே குவியலாக் கெடக்கு. இருவத்தாறாம் தேதி ஊருக்கே தொறந்து விடுதோம். அதுக்குள்ள பெட்டி பெட்டியாப் பிரிச்சு அடுக்கணும். நீங்கதான் செய்யணும்."

"ஏன், வேற ஆளு சிக்கலையா?"

"ஒரு படம் விடாம எல்லாத்தையும் பாத்தது நீங்க ஒருத்தர்தான். எல்லாத்துக்குக் கீழயும் உங்க கேலி இருக்கே."

"யூனிபாரம் உண்டா?"

"கெடையாது."

"விசிலு?"

"அதுவும் கெடையாது."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி மாகாளி குரல் கொடுத்தாள். "ஏட்டி ஜெனோவா, வாய மூடிக்கிட்டுச் செய்ற வேலையா இருந்தா இப்பமே குடுத்துட்டுப் போ. புண்ணியமாப் போவும்."

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு போனைக் கொடுத்துவிட்டுப் போனாள் ஜெனோவா. பேர் டேப்லெட். படத்தின் மேல் விரலை வைத்து அப்படியே இழுத்துக்கொண்டு போய், வேண்டிய பெட்டியில் விட வேண்டும். சட்டம் ஒன்றுதான்: ஒரு படம் ஒரு பெட்டியில்தான் இருக்கலாம். எனக்குப் பழகின சட்டம். ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு.

பிறகு குவியலைத் திறந்தேன். முன்பு ஒவ்வொன்றாக வந்தபோது பார்த்ததுதான். இப்போது எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கிறது. எறும்பின் கண். கண்ணுக்குள் கண்ணாக நூறு கண். வெண்டைக்காய்ச் செடியில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதற்குள் ஒரு தெரு முழுக்கத் தலைகீழாக நிற்கிறது, சைக்கிளில் போகிற ஆள் உள்பட. நம்ம ஊர் உப்பளத்தில் ராத்திரி எடுத்த ஒரு படம், மேலேயும் நட்சத்திரம், கீழேயும் நட்சத்திரம், நடுவில் உப்புக்குவியல் ஆகாசத்தில் தொங்குகிறது. அந்த உப்பளத்தின் ஓரமாக எத்தனை வருஷம் பஸ்ஸில் போயிருக்கிறேன். திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

மாகாளி வந்து, "ஈ போயிரும், வாய மூடுங்க" என்றாள்.

ஜனவரி 8, புதன்

பெட்டிக்குப் பேர் வைத்தேன். வானம். சிறகு. தெரு. சோறு. ஊர்வன. ஆட்கள்.

முதல் நாளே சண்டை. மீன் மார்க்கெட்டில் ஒரு ஆட்டோவின் தலையில் காக்கா உட்கார்ந்திருக்கிற படம். நான் அதைத் 'தெரு'வில் வைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர், பேர் அறவாழி. பறவை மட்டும்தான் எடுப்பார். அவருடைய லென்ஸ் ஒரு குழந்தை நீளம். உடனே போன் போட்டுவிட்டார்.

"ஏனுங்க, காக்கா பறவைதானுங்களே?"

"ஆமா."

"அப்புறம் தெருவுல போட்டா எப்படிங்க? 'சிறகு'ல வெக்கோணுமுங்க."

"டாக்டர், ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டா அது பறவை இல்ல, பாசஞ்சர்."

டாக்டர் சிரித்தார் பாருங்கள், அவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த நோயாளி பயந்திருப்பான்.

காக்கா தெருவிலேயே இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கேதீஸ்வரி என்று ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்போது நார்வே நாட்டின் வடக்குக் கோடியில் இருக்கிறாள். வானத்தை எடுத்துப் போட்டிருக்கிறாள். வானம் பச்சை. ஏதோ ஒரு சாமி கோவில் திரையை அவசரமாக இழுத்துவிட்ட மாதிரி, பச்சைத் துணி மடிப்பு மடிப்பாக ஆகாசத்திலிருந்து தொங்குகிறது. கீழே பனி, அதுவும் பச்சை. ஒரு ஓரத்தில் இத்தனூண்டு வீடு, அதில் ஒரு மஞ்சள் ஜன்னல்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பழக்கதோஷம். "துணி எந்தக் கடையில எடுத்தீய தாயி, சாயம் போவுமா?" என்று எழுதினேன். எழுதினேன் என்றால், பேசினேன். நான் பேசினால் டேப்லெட்டே எழுதிக்கொள்கிறது. எதற்கு விரலை வருத்த வேண்டும்?

அவள் என் கேலிக்குக் கோபப்படுகிறவள் இல்லை. "கொண்டக்டர் ஐயா, இஞ்ச ரெண்டு மாசமாச் சூரியனே வரேல்ல. எங்களுக்கு இதுதான் வெளிச்சம்" என்று பதில் போட்டாள்.

ரெண்டு மாசம் சூரியன் இல்லாத ஊர்! நான் நம்பவில்லை. ஜெனோவாவைக் கேட்டேன், நிஜம்தான் என்றாள். இருபத்தோராம் தேதிவாக்கில் மலைக்குப் பின்னால் ஒரு கீற்று எட்டிப் பார்க்குமாம். ஊர் ஜனம் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்று காத்திருக்குமாம். நம்ம ஊரில் அது பாட்டுக்கு வந்து தலையைப் பிளக்கிறது, நாம் குடையை விரிக்கிறோம்.

"முதல் சூரியனை எடுத்து உங்களுக்குத்தான் போடுவன். எந்தப் பெட்டி எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றாள் கேதீஸ்வரி.

"கை நடுங்காம எடுங்க தாயி. நானெல்லாம் ஓடுற பஸ்ஸுல நின்னு எழுதின ஆளு" என்றேன்.

ஜனவரி 11, சனி

ஒரு கல்யாண மாப்பிள்ளையை 'ஆட்கள்' பெட்டிக்கு இழுத்தேன். அவர் 'ஊர்வன'வில் போய் விழுந்துவிட்டார். ஓணானுக்கும் உடும்புக்கும் நடுவில், மாலையும் கழுத்துமாக.

நான் கவனிப்பதற்குள் கூட்டமே பார்த்துவிட்டது. "அண்ணாச்சி குசும்பு தாங்க முடியல" என்று ஒரே சிரிப்பு. மாப்பிள்ளையே, "மாமனார் வீட்டுலயும் இதே பெட்டிதான்" என்று எழுதினார். நானும் ஆமாம், வேண்டுமென்றேதான் என்று சொல்லிவிட்டேன். தானாக வருகிற பேரை ஏன் விடுவது?

மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைத்தேன்.

மாகாளிக்கு வயசாக ஆகக் கஞ்சத்தனம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் டம்ளரில் பாதிதான் காப்பி ஊற்றுகிறாள். கேட்டால், "குடிச்சிட்டு மறுபடி கேளுங்க, நான் எங்கயும் ஓடிப்போவல" என்கிறாள்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆடிப்போன படங்கள் நிறைய. முகம் கலைந்தது, மரம் ரெண்டாகத் தெரிவது, என்ன ஏது என்றே தெரியாத தீற்றல். இவற்றை நல்ல படத்தோடு வைத்தால் நன்றாக இல்லை. புதுசாக ஒரு பெட்டி போட்டேன். பேர்: கை நடுக்கம். கடைசி சீட்டு, 'ஆட்கள்' பெட்டிக்குப் பக்கத்தில்.

ஜெனோவா முகம் சுளித்தாள். "பேரு கொஞ்சம் குத்துற மாதிரி இருக்கே ஐயா."

"குத்துனாத்தான் ஒழுங்கா எடுப்பானுவ."

அறவாழி டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். அவருடைய 'சிறகு' சுத்தமாகிவிட்டது.

என் படம் ஒன்றையும் அதில் வைக்கவில்லை. என்னுடையது போன் கோளாறு, அது வேறு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். உலகத்தில் உள்ள அத்தனை பானையும் வந்துவிட்டது. 'சோறு' நிரம்பி வழிகிறது. கனடாவில் ஒருத்தர் பனிக்கு நடுவில் அடுப்பு மூட்டியிருக்கிறார். பானையிலிருந்தும் ஆவி, அவர் வாயிலிருந்தும் ஆவி. எது பொங்குகிறது என்று கேட்டு வைத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

கேதீஸ்வரி இன்று ஒரு படம் போட்டாள். பச்சை வானம் இல்லை, பனி இல்லை. பழைய படம். பஸ் ஜன்னல் கம்பி, அதற்கு அப்பால் வெள்ளையாக ஒரு தீற்றல், கொஞ்சம் தூசி. கீழே ஒரே வார்த்தை: அப்பா.

ஆள்தானே என்று 'ஆட்கள்' பெட்டிக்கு இழுத்தேன். அது 'கை நடுக்கம்' பெட்டியில் போய் உட்கார்ந்தது. திருப்பி எடுப்பதற்குள் அறவாழி டாக்டர், "சரியான இடந்தானுங்க" என்று எழுதிவிட்டார். இன்னும் ரெண்டு பேர் சிரித்த முகம் போட்டுவிட்டார்கள்.

விரல் தவறிவிட்டது என்று ஒரு கண்டக்டர் சொல்வானா? நானும் வேண்டுமென்றே வைத்த மாதிரி ஒரு வரி போட்டேன். "அப்பா எங்கம்மா? பஸ்ஸ விட்டுட்டாரா?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"ஓம். விட்டிட்டார்."

பிறகு ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

அவள் வரவில்லை. சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறிவிட்டது. பிளேடு சரியில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஜெனோவா வந்தாள். மாகாளி கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை.

"ஐயா, கேதீஸ்வரி அக்கா கூட்டத்த விட்டு வெலகிட்டாங்க. எனக்கு மட்டும் தனியா எழுதியிருந்தாங்க. உங்களக் கொற சொல்லி ஒரு வார்த்த இல்ல. அந்தப் படம் என்ன படம் தெரியுமா?"

"என்ன?"

"அவங்க ஊர விட்டுப் போன அன்னைக்கு எடுத்தது. அப்பா பஸ்ஸேத்தி விட வந்திருக்காரு. கூட வாரதா இருந்து கடைசி நேரத்துல, நீ போ நான் பொறவு வாரேன்னு நின்னுட்டாரு. பஸ் கெளம்பும்போது இவங்க சன்னல் வழியா எடுத்திருக்காங்க. அதுக்கு அப்புறம் அவரப் பாக்கவே இல்ல. அவரோட வேற படமும் கெடையாது. இத்தன வருசம் யாருக்கும் காட்டாம வச்சிருந்து, நம்ம கூட்டத்துலதான் மொத மொதக் காட்டியிருக்காங்க."

மாகாளி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எடுக்க எந்த லென்ஸாலும் ஆகாது.

ஜெனோவா சொன்னாள்: "அந்தப் பெட்டியவே தூக்கிரப் போறேன். ஆனா உள்ள படம் இருக்கையில பெட்டிய அழிச்சா படமும் சேந்து அழிஞ்சிரும். வெள்ளிக்கெழமைக்குள்ள அதக் காலி பண்ணி வேற பெட்டிக்கு மாத்திக் குடுங்க. ஏங்கய்யா இப்பிடிச் செஞ்சீய? வெளாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா?"

விரல் தவறிவிட்டது என்ற ரெண்டு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"எல்லாம் ஒரு தமாசுக்குத்தான்" என்று சொன்னேன்.

அவள் போன பிறகு மாகாளி டம்ளர்களை எடுத்தாள். "தமாசு" என்று ஒரு தடவை சொன்னாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

பெட்டியைக் காலி பண்ண உட்கார்ந்தேன்.

உள்ளே நான் வைத்தது கொஞ்சம்தான். திறந்தால் பஸ் நிறைய ஆள். நான் வைக்காத படங்கள். கேதீஸ்வரி விலகின சேதி தெரிந்து அவரவரே கொண்டுவந்து, அவள் அப்பாவுக்குப் பின்னால் வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிற செய்யது வைத்தது. வீடியோ காலில் வந்ததைத் திரையோடு எடுத்த படம், ஆரஞ்சு நிறத்தில் கோடு கோடாக இருக்கிறது. "என் மகள் முதல் முதல் நடந்தப்ப. நான் பாத்தது இவ்வளவுதான், ஆனா பாத்துட்டேன்" என்று எழுதியிருக்கிறார். சென்னையில் ஒரு நர்சு, தன் அம்மா படுத்திருந்த வார்டின் கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்தது. அம்மா முகமும் அவள் முகமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, யார் யார் என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கல்லூரிப் பையன், அண்ணன் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது துள்ளிக்கொண்டே எடுத்தது. அதில் அண்ணன் இல்லை, ஆகாசம்தான் இருக்கிறது.

கடைசியில் அறவாழி டாக்டர். அந்தக் குழந்தை நீள லென்ஸில் எடுத்த ஒரு தவிட்டு நிறத் தீற்றல். "இந்தக் குருவிக்காகக் காடு காடாத் திரிஞ்சேனுங்க. நேர்ல வந்து உக்காந்துச்சுங்க. சந்தோசத்துல கை நிக்கலைங்க. 'சிறகு'ல வெக்கக் கூச்சமா இருந்துச்சு. அந்தம்மாகிட்ட நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்க."

எறும்பின் கண்ணைப் பார்த்து வாயைப் பிளந்தேன், பச்சை வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். மறுபடி கேதீஸ்வரியின் அப்பா படத்துக்குப் போனேன். இதைப் பார்த்தபோது வாயைத் திறக்கத் தோன்றவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். சுருக்கினால் தீற்றலுக்குள்ளிருந்து ஆள் வருகிறது. அந்த வெள்ளைத் தீற்றல் வேட்டி. அதற்கு மேலே தூக்கின கை. கை மட்டும்தான் ரெண்டாகத் தெரிகிறது. ஆட்டியிருக்கிறார்.

ஒரு படத்தையும் நகர்த்தவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று அங்கே சூரியன் வருகிற நாள். டேப்லெட்டைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சாப்பிடும்போதும். ஒன்றும் வரவில்லை. ஏன் வரப்போகிறது?

வடிவு போன் பண்ணினாள். "அப்பா, பாளையங்கோட்டை டாக்டர்ட்ட வியாழக்கெழமைக்குப் பேரு குடுத்திருக்கேன். இந்தத் தடவையும் சாக்குச் சொல்லாதீய."

"வாரேன்" என்றேன். போனிலேயே அவள் அழுதாளோ என்னவோ, மூக்கை உறிஞ்சினாள். சளியாக இருக்கும்.

ஜனவரி 23, வியாழன்

மாகாளி சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். கொஞ்ச நாளாக அவள்தான் போடுகிறாள், எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். வடிவு ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு மாகாளி ஒரே புத்திமதி.

"ஏங்க, டாக்டர்ட்ட போயி வாயக் காட்டாதீய. கையக் காட்டுங்க."

"சரி தாயி."

"அவரு கேட்டதுக்குப் பதிலு சொல்லுங்க. கேக்காததுக்குச் சொல்ல வேண்டாம்."

"சரிட்டி. அங்கனயே நில்லு" என்று போனை எடுத்தேன். ஜன்னல் கம்பிக்கு இடையில் அவளை வைத்து அமுக்கினேன். அவள் கையை ஆட்டினாள். மறுபடி அமுக்கினேன். எல்லாப் படத்திலும் நீலமாக ஒரு தீற்றல், அது சேலை. அதற்கு மேலே ஒரு பிரகாசம், அது மூக்குத்தி.

டாக்டர் சின்ன வயசு. ஒரு தாளைக் கொடுத்து, நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி வரையச் சொன்னார். வரைந்தேன். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "எத்தனை நாளா இருக்கு?" என்றார். வடிவு வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "ரொம்ப நாளா" என்றேன்.

மாத்திரை எழுதியிருக்கிறார். முழுசாகப் போகாது, ஆனால் அடங்கும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாகாளி படத்தை எடுத்து வைத்தேன். 'கை நடுக்கம்' பெட்டிக்கு இழுத்தேன். வழியில் எங்கும் விழாமல் நேராகப் போய் உட்கார்ந்தது. கீழே, "மாகாளி" என்று மட்டும் போட்டேன். ஜெனோவாவிடம் சொல்லி அதைக் கேதீஸ்வரிக்கு அனுப்பச் சொன்னேன்.

ஜனவரி 24, வெள்ளி

காலையில் பார்த்தால் படத்துக்குக் கீழே அவள். கூட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கிறாள்.

"கொண்டக்டர் ஐயா, ஓடுற பஸ்ஸில நிண்டு எழுதின கை எண்டு சொன்னனீங்கள். உங்கட ஊர் பஸ் அவ்வளவு வேகமோ?"

பேசினால் அதுவே எழுதும். ஆனால் இன்றைக்கு விரலால் எழுதினேன். 'ப' வைத் தொட்டால் 'ம' வருகிறது, அழித்து அழித்துக் காலை முழுக்கப் போய்விட்டது. மாகாளி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் போடுகிறேன் என்று கேட்கவில்லை.

"பஸ் ஓடலம்மா. நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. உங்க அப்பாவையும் நான் அங்க தள்ளல, இந்த விரல்தான் தள்ளுச்சு. அதச் சொல்ல வெக்கப்பட்டு வாயால சமாளிச்சேன்."

அனுப்பிவிட்டு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜெனோவா வந்தாள், வாசலிலிருந்தே, "ஐயா, பெட்டியக் காலி பண்ணியாச்சா? இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்றாள்.

"எங்கம்மா காலி பண்ண? ஆளு ஏறிக்கிட்டே இருக்கு."

"பாத்தேன்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "அத அழிக்கல ஐயா. ஞாயித்துக்கெழமை தொறக்கும்போது அதுதான் மொதப் பெட்டி." கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கேட்டாள்.

அப்போது டேப்லெட் மணி அடித்தது.

ஒரு படம். மலை கறுப்பாக, ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது. மலைக்கு மேல் பொன் நிறத்தில் ஒரு கிறுக்கல். ஊமை வெயில்கூட இல்லை, கிறுக்கல். ஓரத்தில் தொப்பி போட்ட தலைகள், அவையும் கலைந்து. கீழே எழுதியிருந்தாள்: "மூண்டு நாளா முகில். இண்டைக்குத்தான் வந்தது. எனக்கும் கை நிக்கேல்ல ஐயா. அப்பாவுக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறன். அவர் இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்."

நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே நம்ம ஊர் சூரியன் கூரை ஓட்டைக் காய்ச்சிக்கொண்டு நின்றது. நான் எழுந்து வாசலுக்குப் போய் அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

நியாயப்படி சூரியனை 'வானம்' பெட்டிக்கு இழுத்துவிட வேண்டும். அதற்கு அங்கே ஜன்னல் சீட்டே இருக்கிறது. விரலைக் கொண்டுபோனேன், எடுத்துவிட்டேன்.

ஒரு படத்துக்கு ஒரு சீட்டு. அது உட்கார்ந்துவிட்டது.